அலை அடங்கிய கடற்கரையை வரைபடத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

நீள்கரை எழுதியது:

வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தாயாரையும், நீச்சல் இன்னும் கைவராத என் மகளையும் அழைத்துக்கொண்டு வெப்பமண்டலக் கடற்கரை ஒன்றில் சில நாட்கள் தங்க விரும்புகிறேன். எந்த நாடு என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. பள்ளி விடுமுறையை ஒட்டியே செல்ல முடியும் என்பதால், மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு அதிகம் இல்லை. எதிர்பார்ப்பு எளியதுதான்: முழங்காலளவு நீரில் அச்சமில்லாமல் உட்காரும் அளவுக்கு அலை அடங்கியிருக்க வேண்டும், கரை முழுவதையும் விடுதிகளின் சாய்வு நாற்காலிகள் அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அந்த ஊர் மக்களும் வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும்.

அமைதியான கடற்கரைகள் என்ற தலைப்பில் இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களை நிறையப் படித்துவிட்டேன். ஒரே கடற்கரையில் நீர் அசைவற்றுக் கிடந்ததாக ஒருவர் எழுதுகிறார். கால் வைக்கவே முடியவில்லை என்று இன்னொருவர் எழுதுகிறார். இருவரும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. ஆகவே இடங்களின் பெயர்களைவிட, ஒரு கரை அமைதியாக இருக்குமா என்பதைப் போவதற்கு முன்பே கணிக்கும் வழி இருந்தால் அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

கடல்நாரை எழுதியது:

இருவரும் உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள்; வெவ்வேறு மாதங்களில் போயிருப்பார்கள், அவ்வளவுதான். அமைதி என்பது ஒரு கடற்கரையின் நிலையான குணம் அன்று. காற்றும் அலையும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, அந்தத் திசைக்கும் கரைக்கும் நடுவில் எது நிற்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே அது அமைகிறது. வரைபடத்தைத் திறந்ததும் கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, நீங்கள் செல்லும் மாதத்தில் அங்கே காற்று எங்கிருந்து வீசும் என்பதைப் பாருங்கள். காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசினால், அலையை வளர்ப்பதற்கான நீர்ப்பரப்பு அதற்குக் கிடைப்பதில்லை. திறந்த கடலைக் கடந்து கரையை நோக்கி வீசினாலோ, அது கடந்து வரும் தொலைவு கூடக் கூட அலையும் வளர்ந்து வரும்.

கிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதியும் வீசும் வணிகக் காற்றின் பாதையில் இருக்கும் தீவுகளில் இது தெளிவாகத் தெரியும். கரீபியன் பகுதித் தீவான பார்படோசின் கிழக்குக் கரையில் உள்ள பாத்சீபா, அட்லாண்டிக் பெருங்கடலின் முழு வீச்சையும் வாங்கிக்கொள்கிறது; அலைச்சறுக்கு வீரர்கள் அங்கே செல்வதே அதற்காகத்தான். அதே தீவின் மேற்குக் கரை, குறுக்கே முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், பெரும்பாலான நாட்களில் குளம் போலக் கிடக்கிறது. தீவின் பெயரைச் சொல்லி அங்கே கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால், எந்தப் பக்கத்தில் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு விடை இல்லை.

திசைக்கு அடுத்தது வடிவம். ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் குறைகிறது, அதனால் அது வளைகிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளில் அலையின் ஆற்றல் குவிய, குடாவின் உட்புறத்தில் அதே ஆற்றல் நீண்ட கரை முழுவதும் பரவி மெலிந்துவிடுகிறது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது என்பதால், உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். முனையைச் சுற்றி வருவதற்குள் சற்றுத் தணிந்த அலைகூட நிற்பவருக்கு வேறு கடல் போலத் தெரிவது இதனால்தான். பிறை வடிவக் குடாவில் அலை வரும் பக்கத்து முனைக்கு நேர் பின்னால் இருக்கும் மூலையைத் தேடுங்கள். மறுமூலையைவிட அங்கே எப்போதும் சாந்தமாக இருக்கும்.

மூன்றாவது தடுப்பு பவளத்திட்டு. உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவீடுகளைத் திரட்டி 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, பவளத்திட்டுகள் சராசரியாக அலை ஆற்றலின் 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன என்று காட்டியது. செயற்கைக்கோள் படத்தில் கரைக்கு வெகு தொலைவில் வெள்ளை நுரைக்கோடு ஒன்று நீண்டு செல்ல, அதற்கும் மணலுக்கும் நடுவில் நீர் வெளிர்நீலமாகத் தெரிந்தால், அலை அங்கேயே உடைந்துவிடுகிறது என்று பொருள். கூகுள் எர்த் செயலியில் ஒரே இடத்தின் பழைய படங்களையும் பார்க்க முடியும். நீங்கள் செல்லவிருக்கும் அதே மாதத்தில் எடுக்கப்பட்ட சில ஆண்டுகளின் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், நூறு பயணக் கட்டுரைகள் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

---

அலைமகள் எழுதியது:

கடல்நாரை எழுதியது முழுவதும் சரி. ஆனால் வணிகக் காற்று வீசும் தீவுகளை வைத்தே பேசிவிட்டதால், காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் பகுதிகளுக்குச் செல்பவர் ஏமாந்துவிடக் கூடும். பருவக்காற்றுப் பகுதிகளில் ஒதுக்கமான கரையே இடம் மாறுகிறது. இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மேற்கு, தெற்குக் கரைகள் கொந்தளிக்க, கிழக்கில் நிலாவெளியும் பாசிக்குடாவும் அடங்கியிருக்கும். நவம்பரிலிருந்து நிலைமை தலைகீழாகிவிடும். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்கே உள்ள பெர்ஹென்தியான், ரெடாங் தீவுகளில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலான விடுதிகள் மூடியே கிடக்கும். அதே வேளையில் மேற்கே லங்காவியில் கடல் அமைதியாக இருக்கும். தாய்லாந்திலும் அந்தமான் கடல் பக்கத்துக்கு ஒரு பருவம், வளைகுடாப் பக்கத்துக்கு வேறு பருவம். நீள்கரை, மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்று வருந்துகிறீர்கள். உண்மையில் மாதம் முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாதத்தைச் சொன்னால் கரை தானாக வந்து நிற்கும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். உள்ளூரில் காற்று இல்லாவிட்டாலும் அலை வரலாம். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலின் அடியோரத்தில் வீசும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே தெற்கு நோக்கிய கரைகளில் ஏறிவிடும். கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைப்பது இதைத்தான். இப்போது இந்தியக் கடல்சார் தகவல் மையம் அதே பெயரில் எச்சரிக்கை விடுக்கிறது. கரீபியனின் அமைதியான மேற்குக் கரைகளுக்கும் வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்களிலிருந்து இத்தகைய அலைகள் சில நாட்கள் வந்து போவதுண்டு. ஹவாயில் ஓவாகு தீவின் வடகரை கோடையில் சிறுவர்கள் நீந்தும் அளவுக்கு அடங்கியிருந்து, குளிர்காலத்தில் உலகின் பேரலைப் போட்டிகளுக்குக் களமாகிறது. ஆகவே காற்றின் திசையோடு அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். அலை உயரம் ஒரு மீட்டர்தான் என்று இருந்தாலும், இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் பதினைந்து வினாடியைத் தாண்டினால் அந்த அலை தொலைவிலிருந்து வருகிறது, சிறியது என்று எண்ணி நம்பிவிடக் கூடாது.

---

ஓடக்கோல் எழுதியது:

நீள்கரை கேட்ட மூன்றாவது செய்தியை யாரும் தொடவில்லை. ஊர் மக்கள் வந்துபோகும் கரை வேண்டும் என்கிறார். அது தனியான கேள்வி அன்று. அலை அடங்கியிருப்பதும் ஊர் இருப்பதும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. துறைமுகமோ அலைதடுப்புச் சுவரோ இல்லாத இடத்தில் சிறு படகைக் கரையேற்ற வேண்டுமானால், அலை உடையாத மூலைதான் வேண்டும். அந்த மூலையில்தான் படகுகள் ஒதுங்கின. படகுகள் ஒதுங்கிய இடத்தில் வீடுகள் எழுந்தன. அமைதியான நீர் வேண்டும், ஆனால் மனித நடமாட்டமே இல்லாத தனிமையும் வேண்டும் என்று கேட்பவர்கள், இயற்கையாக ஒன்றாக அமையாத இரண்டைக் கேட்கிறார்கள். அப்படி ஒரு கரை கிடைத்தால், அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி எனக்கு உடனே எழும்.

வரைபடத்தில் இதையும் படிக்கலாம். மணலில் வரிசையாக ஏற்றி வைத்த படகுகள், ஊருக்குள்ளிருந்து கரைக்கு இறங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குறுகிய பாதைகள், கரையோடு ஒட்டிய பள்ளிக்கூடமோ விளையாட்டுத் திடலோ: இவை தெரிந்தால் அது வாழும் கரை. ஒரே அகலமான சாலை, அதன் முடிவில் வாகன நிறுத்துமிடம், அதைத் தாண்டி ஒரே மாதிரியான கூரைகளின் வரிசை என்றால் அது விடுதிக் கரை. கரையின் சட்டநிலையையும் விசாரியுங்கள். பார்படோசில் எல்லாக் கடற்கரைகளும் பொதுமக்களுக்கு உரியவை. ஹவாயிலும் அலையேறும் எல்லைவரை பொதுநிலமே. ஆனால் கரை பொதுவானதாக இருந்தும், அதை அடையும் வழியைத் தனியார் மதில் மறித்துவிடுவது பல நாடுகளில் நடக்கிறது; அத்தகைய இடங்களில் உள்ளூர்க் குடும்பங்களைக் காண முடியாது.

இனி நடந்துகொள்ளும் முறை. வாழும் கரை என்பது பலருடைய பணியிடம். கரீபியன் தீவான டொபேகோவின் காஸ்டாரா குடாவில் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். வலை வளைத்திருக்கும்போது அதன் நடுவில் நீந்துவது மீனைக் கலைக்கும், அன்றைய உழைப்பையும் கெடுக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில், 1980-களின் இறுதியில் தொடங்கிய கடற்பாசிப் பயிரைப் பெரும்பாலும் பெண்களே பார்த்துவருகிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் வெற்று மணலில் குச்சிகளும் கயிறுகளுமாகத் தெரிவது அவர்களுடைய வயல். படம் நன்றாக வரும் என்று அதற்குள் நடப்பவர்கள், வேறு யாருடைய நாற்றங்காலிலாவது அப்படி நடப்பார்களா என்று எண்ணிப் பார்க்கலாம். படகின் நிழலில் உட்காருவதற்கு முன்பும், வேலை செய்பவரைப் படமெடுப்பதற்கு முன்பும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைதான் பெரும்பாலும் பேச்சைத் தொடங்கி வைக்கிறது. எந்தப் பக்கம் இறங்கலாம், எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதும் அதன் பிறகுதான் தெரியவரும்.

---

மணற்குன்று எழுதியது:

மறைவான குடாக்களைப் பற்றி இவ்வளவு புகழ்ச்சியைப் படித்த பிறகு, யாராவது ஒருவர் அவற்றின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அலை வராத இடத்தில் நீர் புதுப்பிக்கப்படுவதும் மெதுவாகவே நடக்கும். கனமழைக்குப் பின் ஊர்க் கழிவுநீரும் ஓடைகளின் சேறும் குடாவுக்குள் இறங்கினால், திறந்த கரையில் சில மணி நேரத்தில் கலைந்து போவது இங்கே நாட்கணக்கில் நிற்கும். பெருமழைக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள் இறங்காமல் இருப்பது நல்லது. அடி மணல் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்று, பாதி சேறாக இருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. கரையோரம் கண்டல் மரங்களும், நீருக்கடியில் கடற்புல்லும் இருப்பதை அழுக்கு என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அலை அடங்கிய இடத்தில் மட்டுமே அவை வேரூன்றும். நீங்கள் தேடிவந்த அமைதிக்கு அவைதான் சான்று. கடற்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவும் பச்சை ஆமையும் வருவதும் அதனால்தான்.

அதே கண்டல் ஓரத்தில் மணல் ஈக்களும் உண்டு. காற்றில்லாத காலை, மாலை வேளைகளில் அவை கடித்தால் நாட்கணக்கில் அரிக்கும். காற்று வீசும் கரையில் இந்தத் தொல்லை இருக்காது. மறைவுக்குக் கொடுக்கும் விலை என்று இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, கடல் வற்றுவதைக் கவனியுங்கள். பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீர் பார்க்க அழகானது. ஆனால் மேலே சொன்ன சான்சிபார் கிழக்குக் கரையில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மீட்டர் வேறுபாடு இருக்கும். வற்றும் நேரத்தில் கடல் வெகு தொலைவுக்குப் பின்வாங்கிவிடும்; குளிக்க நினைப்பவர் பாறையும், முள் நிறைந்த கடலுயிரான கடல் முள்ளெலியும் நிறைந்த தரையைக் கடந்து நடக்க வேண்டும். அதே தீவின் வடமுனையில் உள்ள நுங்க்வியில் எந்நேரமும் நீந்தலாம். அரைநிலவை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பதால், தேதியை நான்கு நாட்கள் நகர்த்த முடிந்தாலும் பெரிய வேறுபாடு கிடைக்கும். கரீபியனில் ஏற்ற இறக்கமே மிகக் குறைவு. அங்கே செல்பவர் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை.

---

நீள்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எங்கள் விடுமுறை ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை. இப்போது எனக்கு எழும் கவலை வேறு. நீர் இவ்வளவு அடங்கியிருந்தால் குழந்தையைச் சற்று விட்டுப்பிடிக்கலாம் என்ற எண்ணம் எனக்கே வருகிறது. காற்றடைத்த மிதவை ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

---

கடல்நாரை எழுதியது:

மிதவையை வாங்காதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். மேற்கூறிய மறைவான கரைகளில் பல அமைதியாக இருப்பதற்குக் காரணமே, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். கரையோரத்தில் அந்தக் காற்று தெரியவே தெரியாது. மரங்களும் வீடுகளும் அதைத் தடுத்துவிடும். ஐம்பது மீட்டர் தள்ளிப் போனதும் அது மிதவையைப் பிடித்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்த பெரியவரால்கூடக் காற்றடைத்த மிதவையை விரட்டிப் பிடிக்க முடியாது. நீர் தட்டையாக இருப்பதால் அது நகர்வதும் உடனே கண்ணில் படாது. குழந்தைக்கு உடலோடு பொருந்திக் கட்டும் உயிர்காப்பு அங்கி போதும். அதை அணிந்திருந்தாலும், நீட்டிய கைக்கு எட்டும் தொலைவிலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து பவளத்திட்டில் உள்ள வாய்க்கால். திட்டின் மேலேறி உள்ளே விழும் நீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே அது வேகமாக ஓடும். படத்தில் வெள்ளை நுரைக்கோடு அறுந்து, அடர்நீலமாக ஒரு பட்டை கடலுக்குள் நீளும் இடமே அது. கண்ணுக்கு அலையில்லாத, இறங்கத் தூண்டும் நீராகத் தெரிவதும் அந்தப் பட்டைதான். நீரில் முகம் கவிழ்த்து மூச்சுவிட உதவும் குழாயை (ஸ்நார்கெல்) அணிந்து மீன்களைப் பார்த்துக்கொண்டே செல்பவர்கள் தம்மை அறியாமல் அங்கே போய்விடுகிறார்கள். அகப்பட்டால் எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையுயர்த்தி உதவி கேட்பதும், ஓட்டம் தளர்ந்ததும் பக்கவாட்டில் விலகித் திட்டின் ஆழமற்ற பகுதியை நோக்கித் திரும்புவதுமே வழி. படகுகளும் அதே வாய்க்கால் வழியாகத்தான் வந்துபோகும் என்பதால், குழந்தையோடு செல்பவர் அதிலிருந்து வெகுவாக விலகியே இருக்க வேண்டும்.

---

அலைமகள் எழுதியது:

உயிரினங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இவற்றில் சில, மறைவான நீரையே விரும்பி வருபவை. ஆஸ்திரேலியாவின் வடக்கே நவம்பர் முதல் மே வரை பெட்டிச் சொறிமீன் காலம். மனிதரைக் கொல்லக் கூடிய அந்த இனம் முகத்துவாரங்களையும் கண்டல் ஓரங்களையும் ஒட்டிய அமைதியான நீரில் அதிகம் காணப்படும். பாதுகாப்பு வலை கட்டிய இடத்தில்தான் அங்கே குளிக்கிறார்கள்; வலையின் கண்ணிக்குள் புகுந்துவிடும் சிற்றினமும் உண்டு என்பதால் உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையையும் அணிகிறார்கள். கரையில் வினிகர் புட்டிகள் வைக்கப்பட்டிருப்பது கொட்டுப்பட்ட இடத்தில் ஊற்றுவதற்காகத்தான். உவர்நீர் முதலைகள் வாழும் வடக்கு ஆஸ்திரேலியா, அந்தமான் தீவுகள் போன்ற பகுதிகளில் ஓடை கலக்கும் குடாக்களில் எச்சரிக்கைப் பலகை இருந்தால், அதை அலங்காரம் என்று எண்ணி ஒதுக்கக் கூடாது.

மற்றவை சிறு கவனங்கள். மணலடியில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதிக்காமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். கெட்டியான அடியுள்ள கடற்காலணி, கடல் முள்ளெலியிலிருந்து காக்கும். திருக்கையோ கல்மீனோ குத்திவிட்டால், பொறுக்கக் கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மேற்படாமல், காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கரீபியனுக்குச் செல்வதானால், கரையோரத்தில் சிறிய பச்சை ஆப்பிள் போன்ற காய்களோடு நிற்கும் மஞ்சினீல் மரத்தின் அடியில் மழைக்கு ஒதுங்கக் கூடாது. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைநீரோடு சொட்டினாலும் அப்படியே. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசி அடையாளம் காட்டியிருப்பார்கள்.

---

மேட்டுவழி எழுதியது:

ஒன்றே ஒன்று. சாதாரண அலையிலிருந்து காக்கும் குடா, ஆழிப்பேரலையிலிருந்து காக்காது. குறுகிய குடாவுக்குள் அது இன்னும் உயரும். 2009 செப்டம்பர் 29 அன்று அமெரிக்கச் சமோவாவில், நன்கு மறைவான பாகோ பாகோ துறைமுகத்தின் உட்கோடியிலேயே சேதம் மிகுந்தது. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்ல வேண்டும். தங்குமிடத்திலிருந்து மேட்டுக்குச் செல்லும் வழியை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். உங்கள் தாயாரின் நடைவேகத்தில் பாருங்கள்.

---

ஓடக்கோல் எழுதியது:

நீள்கரையிடம் ஒரு வேண்டுகோள். நல்ல குடா ஒன்று கிடைத்தால், அதன் துல்லியமான இருப்பிடத்தோடு படங்களைப் பொதுவெளியில் இட வேண்டாம். மாயா குடாவுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த அந்தச் சிறிய குடாவைத் தாய்லாந்து அரசு 2018 ஜூனில் மூட வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். மறைவான குடா, கூட்டத்தைத் தாங்காது. நங்கூரம் உடைத்த பவளம், உடலிலிருந்து கரையும் வெயில்காப்புப் பூச்சு, கழிவு, எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன.

---

மணற்குன்று எழுதியது:

இதை நான் ஏற்கவில்லை, ஓடக்கோல். நமக்குத் தெரிந்துவிட்டது, இனி வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது முதலில் வந்தவரின் தன்னலம். அதற்குச் சூழலியல் என்ற பெயரைச் சூட்டக் கூடாது. அந்தக் கரையில் அறை வாடகைக்கு விட்டும் படகோட்டியும் பிழைக்கும் குடும்பம், இன்னும் நான்கு பேர் வரட்டும் என்று விரும்பலாம். அவர்கள் சார்பில் கதவைச் சாத்த நாம் யார்? மாயா குடாவைக் கெடுத்தது அதன் பெயர் தெரிந்ததன்று. எத்தனை பேர் வரலாம், படகு எதுவரை வரலாம் என்று யாரும் வரையறுக்காததுதான். மீண்டும் திறந்தபோது படகுகளைக் குடாவுக்குள் விடாமல் தீவின் மறுபுறம் நிறுத்தவும், ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும் அவர்களால் முடிந்ததே. ஓவாகுவின் ஹனாமா குடா உலகறிந்த இடம். எரிமலை வாய்க்குள் அமைந்த அந்தக் குடா 1967-இலிருந்து பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. வருபவர் அனைவரும் பவளத்தின் மேல் நிற்கக் கூடாது என்று சொல்லும் காணொளியைப் பார்த்த பிறகே கீழே இறங்க முடியும். வாரத்தில் இரண்டு நாட்கள் மூடிவைக்கிறார்கள். ஒளித்து வைப்பதைவிட ஒழுங்கு வைப்பதே நெடுநாள் நிற்கும்.

---

ஓடக்கோல் எழுதியது:

ஹனாமாவில் ஒழுங்கு வைக்க நகர நிர்வாகமும் பணியாளர்களும் இருக்கிறார்கள். நான் பேசுவது, பத்துப் படகும் ஒரு தேநீர்க் கடையும் மட்டுமே உள்ள குடாவைப் பற்றி. அங்கே கூட்டம் ஒரே பருவத்தில் வந்துவிடும். வரம்பு வைக்கும் அமைப்பு உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். பிலிப்பீன்சின் போராகாயில் கழிவுநீர் கடலில் கலந்ததால், 2018 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தீவையே மூடினார்கள். அந்த ஆறு மாதமும் வருமானம் இழந்தவர்கள், நீங்கள் சொல்லும் அதே உள்ளூர்க் குடும்பங்கள்தாம். இருப்பிடத்தை வெளியிடலாமா என்பதை அங்கே அறை கொடுத்தவரிடமே கேட்டுவிடலாம் என்ற அளவுக்கு நான் இறங்கி வருகிறேன். வேண்டும் என்றால் வெளியிடுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

---

மணற்குன்று எழுதியது:

அவரிடம் கேட்பது சரி. ஆனால் அறை கொடுப்பவரும் வலை இழுப்பவரும் ஒரே விடையைச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

---

அலைமகள் எழுதியது:

வெயில்காப்புப் பூச்சைப் பற்றி ஓடக்கோல் போகிற போக்கில் சொன்னதைச் சற்று விரிக்க வேண்டும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருட்களில் ஏதேனும் ஒன்று கலந்த பூச்சுகளின் விற்பனையை ஹவாய் 2021-இன் தொடக்கத்திலிருந்து தடை செய்தது. பலாவு நாடு அதற்கு ஓராண்டு முன்பே, இன்னும் நீண்ட பட்டியலோடு தடையைக் கொண்டுவந்தது. நீங்கள் செல்லும் நாட்டில் தடை இல்லாவிட்டாலும், நீர் மெதுவாகவே மாறும் குடாவில், பூச்சைக் குறைத்து நீளக்கைச் சட்டையை அணிவது கடலுக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது. வெப்பமண்டலத்தின் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இயல்பு. காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் நீரில் இருந்தால் போதும். ஊர் மக்களும் பெரும்பாலும் அந்த நேரங்களில்தான் வருவார்கள். மாலையில் ஒன்றை நினைவில் வையுங்கள்: நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்தி நீடிப்பதில்லை. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். அதற்கு முன்பே குழந்தையைக் கரையேற்றிவிட வேண்டும்.

---

நீள்கரை எழுதியது:

நீங்கள் சொன்ன முறையில் தேடி, இரண்டு வகைக் கரைகளில் வந்து நிற்கிறேன். ஒன்று, இலங்கையின் கிழக்குக் கரையில் பவளத்திட்டுக்கு உட்பட்ட குடா. மற்றொன்று, கரீபியன் தீவு ஒன்றின் மேற்குக் கரை. என் தேதிகளுக்கு எது பொருந்தும்?

---

கடல்நாரை எழுதியது:

கடலை மட்டும் வைத்துச் சொன்னால் இரண்டும் பொருந்தும். ஏப்ரல் இறுதியில் கிழக்கிலங்கையில் வடகிழக்குப் பருவத்தின் அலை ஓய்ந்திருக்கும். தென்மேற்குக் காற்று எழுந்த பின்பும் நிலம் அதை மறித்துக்கொள்ளும். கரீபியனில் வட அட்லாண்டிக்கின் குளிர்கால அலைகள் அநேகமாக முடிந்து, சூறாவளிப் பருவம் ஜூனில்தான் தொடங்கும். 2011-இலிருந்து அப்பகுதியில் கரையொதுங்கிக் குவியும் சர்காசம் பாசியும், காற்றை எதிர்கொள்ளும் கிழக்குக் கரைகளையே அதிகம் தாக்குகிறது. மேற்குக் கரையில் ஒப்பிடும்போது குறைவு.

உங்கள் தாயாருக்காகப் பார்த்தால், கரையின் சரிவுதான் முடிவு செய்ய வேண்டும். கரீபியனின் சில மேற்குக் கரைகளில் நீர் அடங்கியிருந்தாலும் மணல் சட்டென்று இறங்குகிறது. அங்கே சிறிய அலையும் காலடியில் உடைந்து வயதானவரைத் தள்ளிவிடும், எழுந்து வெளியே வருவதும் கடினம். பாசிக்குடா போன்ற இடத்தில் நீண்ட தூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. அங்கே 2009-க்குப் பிறகு எழுந்த பெரிய விடுதிகள் குடாவின் பெரும்பகுதியை ஒட்டி நிற்கின்றன என்பதால், பொதுமக்கள் இறங்கும் பகுதிக்கு அருகில் தங்கினால்தான் நீங்கள் கேட்ட ஊர்த்தன்மை கிடைக்கும். வார இறுதியில் அங்கே குடும்பங்கள் திரளாக வரும்; தனிமை வேண்டுமானால் வார நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

---

நீள்கரை எழுதியது:

திரளாக வந்தாலும் பரவாயில்லை. என் தாயாருக்குத் தனிமையைவிடப் பேச்சுத்துணைதான் முக்கியம். அங்கேயே முன்பதிவு செய்யப் போகிறேன்; அரைநிலவு எந்த நாட்களில் வருகிறது என்று பார்க்க நாட்காட்டியை எடுத்துவிட்டேன்.

---

மணற்குன்று எழுதியது:

கிழக்கிலங்கையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நாட்காட்டியை வைத்துவிட்டு, அறையில் மின்விசிறியும் கொசுவலையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.